மலையம்மாள் கையில் நின்ற குதிரை

உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு "வலிக்கிறதா?" என்று நீங்கள் கடைசியாகக் கேட்டது எப்போது? அவசரப்படாமல் யோசியுங்கள். ஞாபகம் வரவில்லை என்றால், மலையம்மாளைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தில் நீங்களும் ஒருவர். மேலே படியுங்கள்.

காரைக்குடியில் செக்காலைப் பக்கம் அவளுக்குப் பச்சைப் பைத்தியம் என்றுதான் பெயர். இடது முன்கையில் பச்சை குத்திய ஒரு குதிரை. குதிரைக்குக் கடிவாளம், கழுத்தில் மணி, காலடியில் அலை, அலைக்குள் மீன். அங்கிருந்து முழங்கை வரைக்கும் புள்ளியும் கோலமும். வலது கையில் தேள், தாழம்பூ, தேர்ச்சக்கரம். கணுக்காலில் ஒரு கொடி. ஒன்று ஆறுவதற்குள் அடுத்ததற்கு இடம் பார்ப்பாள். கள்ளுக்கடைக்கு ஓடுகிறவனை ஊர் புரிந்துகொள்கிறது. சீட்டாடிச் சொத்தைத் தொலைக்கிறவனையும் புரிந்துகொள்கிறது. ஊசிக்குத் தன் தோலைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஒரு கூலிக்காரியைத்தான் அதனால் புரிந்துகொள்ள முடியவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. ஐரோப்பாவில் கப்பல் மாலுமிகள் குத்திக்கொள்கிறார்கள், ராஜகுமாரர்கள்கூடக் குத்திக்கொண்டார்கள். ஒன்று குத்தியவன் ஒன்றோடு நிறுத்துவது அபூர்வம் என்று சொல்கிறார்கள். இதற்குக் காரணம் தேடுகிறவர்கள் ரத்தத்தையும் நரம்பையும் ஆராயட்டும், நல்லதுதான். மலையம்மாளின் காரணம் ரத்தத்தில் இல்லை. அது அவள் புருஷனைக் கப்பலேற்றிய நாளில் இருக்கிறது.

புருஷன் பெயர் ஐயனார். ஊர்க்கோடியில் மண்குதிரைகளுக்கு நடுவே நிற்கிற சாமிக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை என்பதால் அந்தப் பெயர். ஜெர்மன் சண்டைக்குச் சில வருஷங்களுக்கு முன்னால், காரைக்குடிச் செட்டியார் ஒருவரின் பினாங்குக் கடைக்கு எடுபிடி ஆளாகப் போனான். மூன்று வருஷத்தில் திரும்புவதாகப் பேச்சு. நாகப்பட்டினத்துக்குப் போகிற மாட்டுவண்டியில் அவன் ஏறும்போது மலையம்மாளுக்குக் கண் கலங்கியது. அவனுடைய அண்ணன் கோட்டைச்சாமி பார்த்துவிட்டான்.

"இந்தாத்தா, கண்ணத் தொடை. தண்ணி மேல போறவன நெனச்சு இங்க தண்ணி விடக்கூடாது. கப்பலுக்கு ஆகாது."

அக்கரைச் சீமைக்குப் போன ஆட்களின் வீடுகளில் இது அப்போது சட்டம். புருஷன் திரும்பி வாசற்படி மிதிக்கிற வரைக்கும் பெண்டாட்டி அழக்கூடாது. அழுதால் கடல் கொந்தளிக்கும், கப்பல் கவிழும். யோசித்துப் பாருங்கள்! இரும்பால் செய்து, நிலக்கரி போட்டு ஓட்டுகிற கப்பலைக் காரைக்குடியில் ஒரு பெண்ணின் கண்ணீர் கவிழ்த்துவிடுமாம். அப்படியானால் ஜெர்மன்காரன் எதற்காகப் பீரங்கி செய்து மாண்டான்? நம் ஊர்ப் பெண்கள் நாலு பேரைக் கூட்டிப்போய்க் கடற்கரையில் உட்காரவைத்து அழச் சொன்னால் போதாதா?

மலையம்மாளுக்கு இப்படிக் கேட்கத் தெரியாது. அவள் நம்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

வேலை, செக்காலையில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய வீட்டில். வட்டமான கல் வாய்க்காலில் மாடுகள் உருளையை இழுத்துச் சுண்ணாம்பை அரைக்கும். பெண்கள் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் ஊற்றி, அரைத்ததைச் சட்டியில் வாரிக் கொத்தனாருக்குச் சுமந்து போவார்கள். சுவர் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. சுமந்தவர்களின் விரல் நுனிகள் வெந்துபோயின. சுண்ணாம்புத் தூசி கண்ணில் விழுந்து தண்ணீர் வந்தால்கூட மலையம்மாள் பயந்துபோவாள்.

கூட வேலை செய்த கருப்பிக்கு வாய் நீளம்.

"ஏண்டி, கண்ணுல சுண்ணாம்பு விழுந்துச்சா, மச்சான் விழுந்தாரா?"

"சுண்ணாம்புதாண்டி. சத்தியமா சுண்ணாம்பு."

"பாத்துடி. பினாங்கு கப்பலு ஒரு ஆட்டம் ஆடிருக்கும் இந்நேரம்."

எல்லாரும் சிரிப்பார்கள். மலையம்மாளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, மனதுக்குள் கப்பலை நிமிர்த்தி வைப்பாள்.

தை அறுப்பு முடிந்ததும் குறவர் கூட்டம் அரியக்குடிச் சாலையோரம் வந்து குடிசை போடும். அதில் அங்காயி என்று ஒருத்தி. பச்சை குத்துவதில் கெட்டிக்காரி. மஞ்சளையும் அகத்தி இலையையும் துணியில் சுருட்டித் திரியாக்கி எரித்து, அந்தக் கரியைக் குழைத்துச் சிரட்டையில் வைத்திருப்பாள். சேர்த்துக் கட்டிய ஊசிகள் மடியில் இருக்கும். "பச்சை குத்தலையோ பச்சை" என்று அவள் தெருவில் வரும்போது, மத்தியானக் கஞ்சிக்கு உட்கார்ந்திருந்த பெண்கள் கூப்பிட்டார்கள். மலையம்மாளும் கையை நீட்டினாள்.

"என்ன குத்தட்டும் தாயி? தேளா, சக்கரமா?"

"பேரு."

"யாரு பேரு?"

மலையம்மாள் வாயைத் திறக்கவில்லை. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது; சொன்னால் அவன் ஆயுசு குறையும். அழுதால் கப்பல் போகும், கூப்பிட்டால் ஆயுசு போகும். இப்படி ஒரு பெண்ணின் கண்ணையும் வாயையும் கட்டிவிட்டு, அதற்குப் பதிவிரதா தர்மம் என்று பெயர் வைத்த மூளையை என்னவென்று சொல்வது?

"நாஞ் சொல்றேன் அங்காயி" என்றாள் கருப்பி.

"நீ சொல்லாதடி. எங் கையில ஏறுற பேரு, ஒன் வாயில இருந்து வரக்கூடாது."

அவள் எழுந்து நின்று, தெற்கே ஊர்க்கோடியில் மரங்களுக்கிடையே தெரிந்த மண்குதிரையைக் காட்டினாள்.

அங்காயி பார்த்தாள், சிரித்தாள். "ஐயனாரா? மகராசன் பேரு நல்ல பேரு. ஆனா எனக்கு எழுத்து வராது தாயி. எழுத்து வந்தா நா எதுக்கு ஊசியத் தூக்கிக்கிட்டு வெயில்ல அலையிறேன்? தாசில்தாரா இருந்து ஒங்க எல்லாரையும் அதட்டிக்கிட்டு இருக்க மாட்டேனா? குதிரையத்தான காட்டுன, குதிரைய நிறுத்திருவோம்."

மலையம்மாளின் கையை இழுத்துத் தன் முழங்காலுக்கும் மடிக்கும் நடுவே வைத்துக்கொண்டாள். சுண்ணாம்பு தின்ற அந்த விரல்களை ஒருமுறை தடவிவிட்டு ஊசியைத் தோய்த்தாள். குத்தக் குத்த ஒரு பாட்டை முணுமுணுத்தாள். நடுநடுவே நிறுத்தி, குனிந்து வாயால் ஊதி, கேட்டாள்:

"வலிக்குதா தாயி?"

யாரும் அவளிடம் கேட்டிராத கேள்வி. கல்யாணத்தன்று கேட்கவில்லை. வண்டி போன அன்றைக்கும் கேட்கவில்லை. சுண்ணாம்பு கையைத் தின்றபோது மேஸ்திரியும் கேட்கவில்லை. மலையம்மாள் "ஆமா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அப்படி ஓர் அழுகையைக் கருப்பி அதுவரை பார்த்ததில்லை. தோள் குலுங்கியது, மூக்கு ஒழுகியது. யாரும் தடுக்கவில்லை. பச்சை குத்தினால் அழத்தானே செய்வார்கள்! ஊசி வலிக்கு அழுவதற்குக் கப்பல் கவிழாது. ஊர்ச் சட்டத்தில் யாரும் அடைக்க மறந்த ஒரு ஓட்டை அது.

குதிரை முடிந்ததும் அங்காயி கேட்டாள்: "மேல ஆள ஏத்தட்டுமா? வெறுங்குதிரையா நிக்கிது."

"வேணாம். அவுக வரட்டும். வந்தப்பறம் அவுகளப் பாத்து ஏத்து. மீசைய இப்ப எப்புடி வச்சிருக்காகளோ."

கை வீங்கி, பொருக்குத் தட்டி, பொருக்கு உதிர்ந்து, அடியிலிருந்து பச்சை நிறம் மேலே வந்தது. வலி போய்விட்டது. வலியோடு அழுகைக்கான அனுமதியும் போய்விட்டது. அதுதான் சங்கடம். அடுத்த தையில் அங்காயியின் குரல் தெருமுனையில் கேட்டதும், சுமந்துகொண்டிருந்த சுண்ணாம்புச் சட்டியைப் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு மலையம்மாள் ஓடினாள். மேஸ்திரி வைதான். குதிரைக்குக் கடிவாளம் வந்தது. அதற்கடுத்து மணி. பிறகு அலை. பிறகு, குதிரைக்குச் சம்பந்தமே இல்லாத தேளும் சக்கரமும். குறவர் கூட்டம் வர நாளானால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. வெறும் தோலைத் தடவிக்கொண்டே இருப்பாள். இடமில்லாமல் போகப்போகிறதே என்று கவலையும் படுவாள்.

"அடியே, ஒடம்பு பூராத்தையும் குத்திக்கிட்டா ஒம் புருசன் வந்து எங்குட்டுத் தேடுவாரு ஒன்னைய?" என்று கருப்பி ஒருநாள் கேட்டாள். "செத்தாலும் கூட வர்ற நகை பச்சை மட்டுந்தான்னு எல்லாரும் ஒண்ணு குத்துறோம், அது பத்தாதா? அதென்னடி இந்த ஆசை?"

மலையம்மாள் சட்டியைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"செத்தப்பறம் எது கூட வந்தா எனக்கென்னடி. இந்த ஊசி குத்துதே, அந்த வலி எங்கன இருக்குன்னு தெரியுது. இந்தா இங்கன. தொட்டுக் காட்டலாம். மத்த வலி எங்கன இருக்குன்னே தெரியல. யாரு கிட்டயும் காட்டவும் முடியல. அங்காயி காட்டச் சொல்லுறா. கையப் புடிக்கிறா. ஊதிவிடுறா. போதலையே, ஒரு தடவ ஊதுனது போதலையே எனக்கு."

கருப்பி அதற்குப் பிறகு அவளைப் பைத்தியம் என்று சொன்னதில்லை.

மூன்று வருஷம் போயிற்று. சண்டை வந்தது, கப்பல் போக்குவரத்து கெட்டது. சண்டையும் முடிந்தது. பினாங்குக் கடைச் செட்டியார் ஊர் திரும்பினார் என்று கேள்விப்பட்டு, மலையம்மாள் அந்த வீட்டுப் பின்கட்டு வாசலில் போய் நின்றாள். உள்ளேயிருந்து செட்டியாரின் மனைவி நீலாயதாட்சி ஆச்சி வந்தார்.

"செட்டியாரைக் கேட்டேன் மலையம்மா. ஒம் புருசன் நம்ம கடையில ரெண்டு வருசந்தான் இருந்தானாம். ரப்பர்த் தோட்டத்துல கூலி கூடன்னு உள்நாட்டுக்குப் போயிட்டானாம். அங்குட்டு விசக் காய்ச்சல் வந்து சனம் நெறயப் போச்சாம்."

"அவுகளும் போயிட்டாகளா ஆச்சி?"

"அது தெரியலன்னுட்டாக."

"தெரியலன்னா இருக்காகன்னுதான ஆச்சி?"

ஆச்சி கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே தன் புருஷன் யாருடனோ உரக்கப் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "இருந்து கஞ்சி குடிச்சிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

"தெரியல" என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் ஆயுள் முழுவதும் இருந்திருப்பாள். ஊர் விடவில்லை. ஐயனாருக்கு மருது என்று ஒரு தம்பி. அவனுக்குப் பெண் பேசப் போன இடத்தில், "ஒங்க வீட்டு நடுப்பிள்ளை இருக்கானா, இல்லையா? அதுக்கு வழி சொல்லாத வீட்ல எங்க பொண்ணு எப்புடி வெளக்கேத்தும்?" என்று கேட்டுவிட்டார்கள். உயிரோ சாவோ முடிவாகாத வீட்டில் கல்யாணக் கால் ஊன்றக்கூடாதாம். கோட்டைச்சாமி பெரியவர்களைக் கூட்டினான். முடிவு செய்தார்கள். பினாங்குக்கு ஆள் அனுப்பியா? விசாரித்தா? இல்லை. ஊருணிக் கரையில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டே, ஐயனார் செத்துப்போனான் என்று முடிவு செய்தார்கள்.

பிணம் வேண்டுமே! வைக்கோலால் ஓர் ஆளைக் கட்டினார்கள். வேட்டி சுற்றினார்கள். தலைக்கு ஒரு மண்சட்டி. அதைப் பாடையில் வைத்துத் தூக்கிப்போய்க் கொள்ளி வைத்தார்கள். வைக்கோல் செத்தது, ஒரு மனுஷி விதவையானாள். மாட்டுக்குப் போடுகிற வைக்கோலுக்கு இவ்வளவு அதிகாரத்தைக் கொடுத்தது எந்தச் சாஸ்திரம் என்று அங்கே ஒரு ஆண்பிள்ளையும் கேட்கவில்லை.

எரிப்பதற்கு முன் கோட்டைச்சாமி அவளிடம் வந்தான்.

"அழுதுருத்தா. இப்ப அழுகணும். நீ அழுதாத்தான் அவன் கரையேறுவான்."

அழாதே என்று இத்தனை வருஷம் கட்டிவைத்த அதே வாய், இப்போது அழு என்றது. மலையம்மாள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

"அழுதா ஆகாதுன்னீகளே பெரிய மச்சான். அவுக ஏறி வர்ற கப்பலு இப்ப எந்தத் தண்ணியில நிக்கிதோ."

தாலியை அறுத்தார்கள். வளையலை உடைத்தார்கள். பூவைப் பறித்தார்கள். பிறகு ஒரு கிழவி அவள் கைகளைத் தூக்கிப் பார்த்து, "இத என்னடா செய்யிறது?" என்று கேட்டாள். குதிரையும் அலையும் மீனும் அப்படியே இருந்தன. அறுக்க முடிந்ததை எல்லாம் அறுத்துவிட்ட அந்தக் கூட்டத்துக்கு, தோலுக்கு உள்ளே போனதை எடுக்கத் தெரியவில்லை. அந்த ஆத்திரத்தில் ஒரு கட்டளை போட்டார்கள்: பச்சையும் ஒரு நகைதான், அறுத்தவள் இனி ஒரு புள்ளிகூடக் குத்திக்கொள்ளக்கூடாது.

அந்தத் தையில் அங்காயி தெருவுக்குள் வரவில்லை. ஒருநாள் மத்தியானம் வேலையை விட்டுவிட்டு மலையம்மாள் அரியக்குடிச் சாலைக்கு நடந்தாள். குடிசை வாசலில் கூடை முடைந்துகொண்டிருந்த அங்காயியின் முன்னால் உட்கார்ந்து, இடது கையை நீட்டினாள்.

"ஆள ஏத்திரு அங்காயி."

"வந்துட்டாரா தாயி?" அங்காயி சந்தோஷமாகத்தான் கேட்டாள். பிறகு அவள் கழுத்தைப் பார்த்தாள்.

"வரல. அவுகன்னு சொல்லி ஒரு பொம்மைய எரிச்சுட்டாக. எரிக்க முடியாத எடத்துல எனக்கு ஒரு பொம்மை வேணும். மீசைய நீயே ஒரு மாதிரியா வச்சிரு. எப்புடி வச்சாலும் அவுகதான்."

அங்காயி ஊசியை எடுக்கவில்லை.

"ஒங்க பெரிய மச்சான் இங்கன வந்தாரு தாயி. அறுத்தவளுக்குக் குத்துனா போலீசு டேசன்ல சொல்லிருவேன்னாரு. எம் மகனுக்கு ஏற்கெனவே ரேகை எடுத்து வச்சிருக்காக. ஊருல ஒரு கோழி காணாமப் போனாலும் அவனத்தான் இழுத்துட்டுப் போறாக. இன்னொரு தடவ போனா அவன் முழுசாத் திரும்ப மாட்டான். நா என்ன செய்யட்டும், சொல்லு. நீயே சொல்லு."

பிறந்தவுடனேயே குற்றவாளி என்று சர்க்கார் முத்திரை குத்திய கூட்டத்துப் பெண் அவள். இவளோ, வைக்கோலைக் கொளுத்தி ஊர் முத்திரை குத்திய பெண். ஒருத்தியின் பயத்தை எடுத்து இன்னொருத்திக்குப் பூட்டாகப் போட எவ்வளவு சுலபமாக முடிகிறது பாருங்கள்!

மலையம்மாள் நீட்டிய கையை மடக்கப் போனாள். அங்காயி விடவில்லை. எப்போதும் போல அந்தக் கையை இழுத்து முழங்காலுக்கும் மடிக்கும் நடுவே வைத்துக்கொண்டாள். ஊசியில்லை, கரியில்லை. குனிந்து, குதிரையின் வெறும் முதுகின்மேல் மெல்ல ஊதினாள்.

"வலிக்குதா தாயி?"

வைக்கோல் எரிந்தபோது வராதது அப்போது வந்தது. சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. வண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். அவள் அழுதுகொண்டே இருந்தாள்.

இப்போது காரைக்குடிக்கு ரயில் வந்துவிட்டது. மலையம்மாள் இன்னும் சுண்ணாம்பு சுமக்கிறாள், தலை நரைத்துவிட்டது. நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து படுக்கையும் டிரங்குப் பெட்டியுமாக ஆட்கள் இறங்கி வருகிற நேரத்தில் வேலை இல்லாவிட்டால், ஸ்டேஷனுக்கு எதிரே போய் நிற்பாள். மீசை வைத்தவர்களை மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பார்ப்பாள். தோல் சுருங்கியதில் குதிரையும் சுருங்கி, அலை மங்கிவிட்டது. முதுகு மட்டும் அன்றைக்குப் போலவே காலியாக இருக்கிறது. பச்சை ஏன் அவளுக்கு வெறியானது என்று இனியும் கேட்பீர்களா? கேட்கப்பட வேண்டியது, ஓர் ஊர் முழுவதும் அவளுக்கு ஊசியைத் தவிர வேறு துணையை ஏன் வைக்கவில்லை என்பதுதான்.

அங்காயி செத்துப்போய்விட்டாள். அவள் மருமகள் இப்போது அதே ஊசிகளோடு வருகிறாள். அடுத்த தையில் அவள் குரல் உங்கள் தெருமுனையில் கேட்கும். கேட்டதும், உங்கள் வீட்டில் மூலையில் உட்காரவைத்திருக்கும் பெண்ணை முதலில் வெளியே கூப்பிடுங்கள். எல்லாருக்கும் முன்னால் அவளை உட்காரவையுங்கள். அவள் என்ன கேட்கிறாளோ அதைக் குத்தச் சொல்லுங்கள். குறத்தியை மிரட்ட எவனாவது வந்தால் நடுவே போய் நில்லுங்கள். தை வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, இப்போதே எழுந்து உள்ளே போய், அவள் கையைப் பிடித்துக் கேளுங்கள்.